செடித் தொட்டியில் பாசி: சேலத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

மீனோடு நீர்ச்செடியும் வளர்க்கிற கண்ணாடித் தொட்டிதான் செடித் தொட்டி. அதை வைத்த முதல் வாரம் கண்ணாடி பளபளவென்று இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவோம். மூன்றாவது வாரம் மணல்மேல் பழுப்பாக ஒரு தூசி படியும். ஐந்தாவது வாரம் இலை நுனியில் பச்சை நூல் தொங்கும். ஆறாவது வாரம் ஆள் கடையில் போய் "பாசிக்கு ஏதாவது மருந்து இருக்குதுங்களா" என்று கேட்டு நிற்பார். நானும் அப்படி நின்றவன்தான். ஒரு நீலப் பாட்டில் கொடுத்தார்கள், அளவு பார்க்காமல் மூடி நிறைய ஊற்றினேன், நான்கே நாளில் பாசி செத்தது, செத்த பாசி அழுகி ஐந்தாம் நாள் காலையில் ஆறு டெட்ரா மீன்கள் மிதந்தன, வாலிஸ்னேரியா செடி கூழாகிப்போனது. இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது பாசி மட்டும்தான்.

அந்தப் பாட்டிலை நீங்கள் வாங்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். செம்பு கலந்த பாசி மருந்து இறாலுக்கும் நத்தைக்கும் எமன், அது ஒன்று. அப்புறம், மருந்து பாசியைக் கொல்லும், பாசி வந்த காரணத்தை அப்படியே விட்டுவிடும். செடி எதைத் தின்று வளர்கிறதோ அதே வெளிச்சம், அதே உரம்தான் பாசிக்கும் சாப்பாடு. செடி நன்றாகத் தின்றால் பாசிக்கு மிச்சம் கிடைக்காது. செடி படுத்துவிட்டால் பாசிக்குப் பந்தி விரித்த மாதிரி.

முதலில் உட்கார்ந்து பாருங்கள்

எதையும் கையில் எடுப்பதற்கு முன்னால் தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். எல்லாப் பாசியும் ஒன்றல்ல.

பழுப்புத் தூசி மாதிரி, தொட்டதும் கலைகிறதென்றால் அது டயாட்டம். புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும், இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாகப் போய்விடும். துடைத்து விடுங்கள், கவலைப்படாதீர்கள். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் பச்சைப் பொட்டு வைத்ததுபோல், நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒட்டியிருந்தால் அது புள்ளிப் பாசி. வெளிச்சம் அதிகம், அல்லது தண்ணீரில் பாஸ்பேட் போதவில்லை. பச்சையாக நூல் நூலாக நீண்டால் நூல் பாசி, அதற்கும் வெளிச்சம்தான் முதல் சந்தேகம். இலை ஓரத்திலும் ஃபில்டர் வாயிலும் மரக்கட்டையிலும் கறுப்பாகக் குட்டித் தாடி முளைத்தால் அது கறுப்புத் தாடிப் பாசி. இது உண்மையில் செம்பாசி இனம், எல்லாவற்றிலும் பிடிவாதக்காரன் இவன்தான்.

இன்னும் இரண்டு உண்டு. மணலையும் செடியையும் பச்சைப் பாயால் போர்த்தியதுபோல் வழவழவென்று மூடி, தூக்கினால் துண்டு துண்டாக உரிந்து, சேற்று நாற்றம் அடித்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். அதற்கு வைத்தியம் வேறு. தண்ணீரே பச்சையாகி, எதிர்க் கண்ணாடி தெரியாமல் போனால் அது மிதக்கும் பாசி, கண்ணாடியைத் தேய்த்துப் பயனில்லை.

அடுத்தது விளக்கு

காலணா செலவில்லாத வேலை இது. விளக்கு எரியும் நேரத்தை ஒரு நாளைக்கு 6 மணி நேரமாகக் குறையுங்கள். புதுத் தொட்டிக்கு 6 போதும். செடி நன்றாக வேர் பிடித்து, பாசி அடங்கிய பிறகு மெதுவாக 7, 8 வரை போகலாம். காலையில் எழுந்ததும் போட்டு ராத்திரி படுக்கும்போது அணைக்கிற பழக்கம்தான் பாதித் தொட்டிகளைக் கெடுக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு அணையும்படி வைத்துக்கொண்டால், வீட்டில் இருக்கும்போது பார்க்கவும் முடியும்.

வெளிச்சத்தின் அளவும் முக்கியம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி கணக்குப்படி 56 லிட்டருக்குச் சற்று மேல், மணலும் கல்லும் போக 45 லிட்டர் நிற்கும். செடிக்கென்று கார்பன் டை ஆக்சைடு விடும் சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு லிட்டருக்கு 20 லூமன் அளவில் இருந்தால் தாராளம். அதாவது 900 லூமன், கிட்டத்தட்ட 9 அல்லது 10 வாட் எல்இடி. கடையில் அழகாக இருக்கிறதே என்று 30 வாட் விளக்கை வாங்கி இந்தத் தொட்டிமேல் வைத்தால் நீங்கள் வளர்ப்பது பாசியைத்தான். வாங்கிவிட்டீர்கள் என்றால் விளக்கை ஓரடி மேலே தூக்கிக் கட்டுங்கள், அல்லது கீழே மிதக்கும் செடி விடுங்கள்.

டைமர் பிளக் ஒன்று வாங்குவது நல்லது. முள் சுற்றுகிற டைமரில் ஒரு சிக்கல்: மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்ட் போகும் நாளில் அதுவும் நின்றுவிடும். ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லையென்றால், அன்றிலிருந்து ஐந்து மணி நேரம் பின்தங்கி, நள்ளிரவு தாண்டியும் விளக்கு எரியும், மீன்கள் முழித்துக்கொண்டே கிடக்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் கொஞ்சம் விலை கூட, ஆனால் இந்தத் தொல்லை இல்லை.

ஜன்னல் விஷயத்தில் நான் முட்டாளானதையும் சொல்லிவிடுகிறேன். என் தொட்டி வடக்கு ஜன்னலை ஒட்டி இருந்தது. வடக்கே வெயில் வராது என்ற நினைப்பு. தொட்டியின் இடது மூலையில் மட்டும் நூல் பாசி வந்துகொண்டே இருந்தது. வாராவாரம் எடுப்பேன், வாராவாரம் வரும். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் காபியோடு வந்து நின்றால், ஜன்னல் கம்பி வழியாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெயில் பட்டை சரியாக அந்த மூலையில் விழுந்து கிடக்கிறது. பாசி எங்கே முடிகிறதோ அங்கேயே வெயிலும் முடிகிறது, கோடு போட்டது போல. பிறகுதான் யோசித்தேன்: சேலம் இருப்பது வடக்கு அட்சரேகை பதினொன்றரை டிகிரிக்குச் சற்று மேலே, சூரியன் வடக்கே இருபத்து மூன்றரை வரைக்கும் போகிறது. ஆக, சித்திரை முதல் வாரம் முடிந்ததிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயிலே நமக்கு வடக்குப் பக்கம்தான், காலையும் மாலையும் சாய்வாக வடக்கு ஜன்னலுக்குள் வரும். மார்கழியில் தெற்கு ஜன்னல்காரர்களுக்கு இதே கதை. அந்தப் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்பு சார்ட் அட்டை ஒட்டினேன், மூன்று வாரத்தில் மூலை சுத்தமானது. உங்கள் தொட்டியையும் ஒரு நாள் காலை 7, பகல் 12, மாலை 5 மணிக்கு நின்று பாருங்கள், அதுவும் சித்திரையில் ஒரு தரம், மார்கழியில் ஒரு தரம்.

தண்ணீர்

சேலத்தில் நமக்கு இரண்டு தண்ணீர். மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூர்க் காவிரி, வீட்டு போரில் வருவது பாறைத் தண்ணீர். எங்கள் அஸ்தம்பட்டி வீட்டு போரில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் ஆயிரத்தைத் தாண்டும், குழாய்த் தண்ணீர் அதில் கால்வாசிதான் காட்டும். உப்புத் தண்ணீர் நேரடியாகப் பாசியை உண்டாக்காது. ஆனால் கடினத் தண்ணீரில் பல செடிகள் சுணங்கும், செடி சுணங்கினால் அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். முடிந்தால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அதில் குளோரின் இருக்கும், ஆகவே ஒரு நாள் முழுக்கக் காற்றுப் பம்பு போட்டு வைத்துவிட்டு ஊற்றுங்கள், அவசரமென்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து. போர் தண்ணீர் மட்டுமே வழியென்றால் வாலிஸ்னேரியா, ஹார்ன்வார்ட் மாதிரி கடினத் தண்ணீரைத் தாங்குகிற செடிகளாகப் பார்த்து வையுங்கள், கப்பி, மோலி மீன்களும் அதில் நன்றாகவே இருக்கும்.

முதல் மாதம் வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு, பிறகு வாரம் ஒரு முறை பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, இதுதான் தண்ணீர் மாற்றும் கணக்கு. டியூபை மணலுக்கு மேலாக விட்டு மீன் கழிவு, அழுகிய இலை எல்லாவற்றையும் உறிஞ்சி எடுங்கள். வெளியே எடுத்த பழைய தண்ணீர் பூச்செடிக்கு அமிர்தம்.

நம் ஊர் வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் குறையும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பிக்கொண்டிருந்தால், ஆவியானது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் உள்ளேயே தங்கி, மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். நிரப்புவதற்கு மட்டுமாவது ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். மாற்றுவது வேறு, நிரப்புவது வேறு.

கல் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வெள்ளைக் கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆளாளுக்கு எடுத்து வந்து தொட்டியில் மலை கட்டுகிறார்கள். கல்மேல் வினிகர் விட்டு நுரைத்தால் தண்ணீரைக் கடினமாக்கும் சுண்ணாம்புக் கல், வைக்காதே என்பார்கள், சரிதான். ஆனால் சேலத்து வெள்ளைக் கல்லில் நிறைய மக்னசைட், அது குளிர்ந்த வினிகரில் நுரைக்காமல் நல்ல பிள்ளை மாதிரி தப்பித்துவிடும். சந்தேகமிருந்தால் கல்லை ஒரு வாளி ஆர்ஓ தண்ணீரில் இரண்டு வாரம் போட்டு, முன்னும் பின்னும் டிடிஎஸ் பாருங்கள், ஏறியிருந்தால் அந்தக் கல் வேண்டாம்.

செடியை அள்ளி வையுங்கள்

புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, நாலே நாலு செடி நட்டுவிட்டு அது பரவட்டும் என்று காத்திருப்பது. செடி பரவுவதற்குள் பாசி பரவிவிடும். முதல் நாளிலேயே தரையில் பாதிக்கு மேல் செடி இருக்க வேண்டும், அதிலும் பெரும்பகுதி வேகமாக வளரும் சாதியாக இருக்க வேண்டும்: ஹார்ன்வார்ட், ஹைட்ரில்லா, ஹைக்ரோபிலா, வாட்டர் ஸ்ப்ரைட். ஹைக்ரோபிலா வேறு யாருமில்லை, வயல் ஓரத்து நீர்முள்ளிக்குப் பங்காளி. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் அழகுதான், ஆனால் மாதத்துக்கு ஓரிரண்டு இலை விடுகிற அவற்றை மட்டும் நம்பித் தொட்டி வைத்தால் பாசியோடு போட்டி போட ஆளில்லை.

மிதக்கும் செடி கொஞ்சம் விடுங்கள். இலை வெளியே இருப்பதால் கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தண்ணீரில் உள்ள சத்தை மளமளவென்று உறிஞ்சும், நிழலும் கொடுக்கும். மேற்பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடாமல் வாரம் ஒரு கை அள்ளி எடுத்துவிட வேண்டும்.

உரம் போட்டால் பாசி வரும் என்று பயந்து பட்டினி போடாதீர்கள். நைட்ரேட்டும் பொட்டாசியமும் இல்லாமல் இலை மஞ்சளாகி ஓட்டை விழுந்தால் அந்த இலையில்தான் பாசி முதலில் ஏறும். செடித் தொட்டிக்கென்று விற்கும் திரவ உரத்தைச் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒரு முறை, அவ்வளவுதான். யூரியாவோ டிஏபியோ தொட்டிப் பக்கமே வரக்கூடாது. நர்சரியில் சாண எரு கலந்து தருகிற மண்ணும் வேண்டாம். அவை விடுகிற அம்மோனியா மீனைக் கொல்லும், தண்ணீரைப் பச்சையாக்கும்.

தீனியும் துப்புரவு ஆட்களும்

மீனுக்கு ஒரு நிமிடத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு வேளை. வாரத்தில் ஒரு நாள் விரதம். மீன் எப்போதும் பசித்த முகத்தோடு கண்ணாடிக்கு வரும், நம்பாதீர்கள்.

பாசி தின்னும் என்று சொல்லி இரண்டு அங்குல சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். வாங்கவே வேண்டாம். ஓரடிக்கு மேல் வளரும், பெரிதானதும் பாசியை விட்டு மீன் தீனிக்கு வந்துவிடும், செடியைப் பிடுங்கிப் போடும், கழிவும் எக்கச்சக்கம். பிறகு வளர்க்க முடியாமல் கொண்டுபோய் மூக்கனேரியில் விடுவதைப் போல ஏரிக்குச் செய்யும் பாவம் வேறில்லை, நம் ஊர் மீன்களை விரட்டிவிட்டு அதுவே குடியேறிவிடும். பதிலாக நெரைட் நத்தை மூன்று நான்கு விடுங்கள், புள்ளிப் பாசியைக்கூட மேயும், நன்னீரில் குஞ்சு பொரித்துப் பெருகாது. நூல் பாசிக்கு அமானோ இறால் கிடைத்தால் நல்லது. ஜப்பானில் செடித் தொட்டிக் கலையை வளர்த்த தகாஷி அமானோ பாசிக்காகப் பயன்படுத்திப் பிரபலமாக்கியதால் அந்தப் பெயர். எந்த உயிரானாலும் நீங்கள் கொடுத்த ஒழுங்கைக் காப்பாற்றும், உங்கள் தவறைத் திருத்தாது.

கையால் எடுப்பது

மேலே சொன்னதையெல்லாம் செய்துகொண்டே, இருக்கிற பாசியைக் கையால் எடுத்தாக வேண்டும். நூல் பாசிக்குப் பழைய டூத் பிரஷ்ஷைத் தண்ணீருக்குள் விட்டு ஒரே பக்கமாகச் சுற்றுங்கள், அம்மாப்பேட்டை நெசவு வீடுகளில் தறிக்குத் தார் சுற்றுவது போல நூல் பிரஷ்ஷில் ஏறிக்கொண்டே வரும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். கண்ணாடியில் உள்ள புள்ளிப் பாசிக்குக் காலாவதியான ஏடிஎம் கார்டு. பாசி பிடித்த பழைய இலையைத் தயங்காமல் அடியோடு வெட்டிவிடுங்கள், அந்த இலை இனித் தேறாது. இதையெல்லாம் தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் செய்தால், உதிர்ந்தது தண்ணீரோடு வெளியே போய்விடும். ஃபில்டர் ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள், குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள், அதிலுள்ள நல்ல பாக்டீரியா குளோரினில் செத்துவிடும்.

கறுப்புத் தாடிக்கு மட்டும் கொஞ்சம் மருந்து உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. லேபிளைப் படியுங்கள்: 3 சதவீதமும் உண்டு, 6 சதவீதமும் உண்டு. 3 சதவீதம் என்றால் 4 லிட்டருக்கு 1 மில்லி, அதற்கு மேல் போகக்கூடாது; 6 என்றால் அதில் பாதி. நம் 45 லிட்டர் தொட்டிக்கு 10 மில்லி, 6 சதவீதமானால் 5 மில்லி. ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, தாடிமேல் நேராக மெதுவாக விடுங்கள். குமிழ் குமிழாகக் கிளம்பும். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுப்பு சிவந்து, பிறகு வெளுத்துப்போகும், அதன் பிறகு இறால்களே மேய்ந்துவிடும். இறால், பாசிமெத்தை மாதிரி உள்ள மாஸ், வாலிஸ்னேரியா இவற்றின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லிலும் கட்டையிலும் இருந்தால் வெளியே எடுத்துத் தேய்ப்பதே மேல். தாடி திரும்பத் திரும்ப வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, மணலடியில் கழிவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு தயாரிப்பவர்களுக்கு இது அதிகம் வரும், ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்று அளவு ஆடுவதால். புதியவர்களுக்கு அந்த பாட்டிலே தேவையில்லை.

நாற்றமடிக்கும் பச்சைப் பாய்க்கும் பச்சைத் தண்ணீருக்கும் இருட்டு வைத்தியம். பாயை முடிந்தவரை உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீர் மாற்றி, விளக்கை அணைத்து, கெட்டிப் போர்வையால் தொட்டியை நாலாபுறமும் மூடி 3 முழு நாள், பச்சைத் தண்ணீருக்கு 4 நாள். தீனி கிடையாது, காற்றுப் பம்பு மட்டும் ஓயாமல் ஓட வேண்டும். எட்டிப் பார்க்காதீர்கள். திறந்ததும் மறுபடி பாதித் தண்ணீர் மாற்றுங்கள், ஏனென்றால் செத்ததெல்லாம் உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். பச்சைப் பாய்க்கு ஆன்டிபயாடிக் போடச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஃபில்டர் பாக்டீரியாவும் சேர்ந்து போகக்கூடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யுங்கள். விளக்கையும் உரத்தையும் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றினால், பாசி போனாலும் எதனால் போனது என்று தெரியாது, அதிகமானாலும் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். ஒரே இடத்தில் நின்று வாரம் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கோடைக்கும் ஊருக்கும்

பங்குனி பாதியிலிருந்து நம் ஊரில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். சூட்டில் ஆக்சிஜன் குறையும், செடி சோரும், பாசிக்குக் கொண்டாட்டம். ஏற்காட்டில் தொட்டி வைத்திருக்கும் நண்பனுக்கு இந்தக் கவலையே கிடையாது, மேலே தண்ணீர் எங்களைவிட ஏழெட்டு டிகிரி குறைவு. கீழே இருக்கிற நாம் மூடியைத் திறந்து, ஒரு சிறிய மேசை ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்வாக வீசவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆர்ஓ கேன் பக்கத்தில் இருக்கட்டும். அந்த இரண்டு மாதமும் விளக்கை ஒரு மணி நேரம் குறைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் மாற்றம், இலை வெட்டு எல்லாம் இரண்டு நாள் முன்னாலேயே முடித்து, விளக்கை 4 மணி நேரமாக்கி, தீனி போடாமல் போய்விடுங்கள். வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் சாப்பிடாமல் சாதாரணமாக இருக்கும். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் ஐந்து நாள் ஆத்தூர் போனபோது அப்படித்தான் செய்தேன், தீனி டப்பாவைப் பீரோவில் பூட்டிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் பச்சைக் கலங்கல், மூலையில் வெள்ளையாக ஏதோ ஊறி மிதக்கிறது. "மூணு நாளா பட்டினி கெடந்துச்சுங்க கண்ணு, பாவமா இருந்துச்சு, ஆளுக்கு ஒரு பிடி பொரி போட்டேன்" என்றார். நான்கு நாள் போர்வை போட்டு மூடி, இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்றியதில் தெளிந்தது. இப்போதெல்லாம் சாவி கொடுக்கும்போது கண்ணாடியில் ஒரு தாளும் ஒட்டிவிட்டுப் போகிறேன்: "மீன் விரதம். பொரி வேண்டாம் அக்கா."